மணியார்டர் படிவமும் ஸ்காலா மொழியும்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களாகிய நமக்கு மாதந்தோறும் தவறாத கடமை ஒன்று உண்டு. ஊருக்குப் பணம் அனுப்புவதே அது. நம் தந்தையார் காலத்தில் அதற்கு மணியார்டர் ஒன்றே வழி. இன்று கைப்பேசியை எடுத்து இரண்டு முறை விரலால் தொட்டால் போதும். பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பெரும்பாலும் சேர்ந்துவிடுகிறது என்று சொல்வதே பொருத்தம்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் நமக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். தென்காசிக்கு அருகில் வாழும் நம் தம்பியின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணமாக 18,000 ரூபாய் அனுப்ப வேண்டியிருந்தது. பணம் அனுப்பும் செயலி ஒன்றைத் திறந்து தொகையைக் குறித்தோம். திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. நெடுநேரம் கழித்து, 'மீண்டும் முயல்க' என்று எழுத்துகள் தோன்றின. நாமும் முயன்றோம். மறுநாள் கணக்கைப் பார்த்தபொழுது 36,000 ரூபாய் குறைந்திருந்தது. தம்பிக்குக் கிடைத்ததோ 18,000 மட்டுமே. எஞ்சிய தொகை ஒன்பது நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது. அந்த ஒன்பது நாளும் வீட்டுக்காரருக்கு மறுமொழி சொல்ல முடியாமல் நாம் பட்ட பாட்டை, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் அன்பர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

அந்த ஆண்டுத் தீபாவளிக்குச் செம்பூருக்கு வந்திருந்தார் நம் நண்பர் ஒருவரின் மகன். நம் கண்முன் வளர்ந்த பிள்ளை. இப்பொழுது பெங்களூரில் மென்பொருள் எழுதுகிறார். "தம்பி, நீ என்ன வேலை செய்கிறாய் என்று உன் அம்மாவைக் கேட்டால் 'கம்ப்யூட்டர் வேலை' என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. நள்ளிரவில் கைப்பேசி அடித்து உன்னை எழுப்புகிறது என்று மட்டும் வருந்துகிறார்" என்றோம். அவர் சிரித்தார். நம் பண விவரத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் சிரிப்பு மறைந்தது.

"மாமா, நான் எழுதுவதும் அதைப் போன்ற சேவைதான். இப்படிப்பட்ட பிழை நேர்ந்தால்தான் இரவில் என்னை எழுப்புவார்கள். பிழைகளைக் குறைக்கத்தான் எங்கள் குழுவில் ஸ்காலா மொழியில், ஃபங்ஷனல் முறையில் எழுதுகிறோம். ஆனால் மொழி மட்டுமே உங்கள் பணத்தைக் காப்பாற்றியிருக்காது" என்றார்.

அவர் சொன்னதையும், அதன் பின் நாம் படித்து அறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறோம். நம் இல்லங்கள் பலவற்றில் இன்று இத்தொழிலில் ஒரு பிள்ளையாவது இருக்கிறது. அப்பிள்ளையின் உழைப்பு எத்தகையது என்பதைப் பெற்றோர் ஓரளவேனும் அறிவது நன்றன்றோ?

இரண்டு வகைச் செயல்கள்

கைப்பேசியின் திரையில் நாம் காண்பது பந்தி. இலை, பரிமாறுவோர், உபசரணை எல்லாம் அங்கே. ஆனால் சோறு வேகும் இடம் அடுக்களை. மென்பொருளில் அந்த அடுக்களைக்குப் பேக்கெண்ட் என்று பெயர். எங்கோ ஒரு கட்டடத்தில் அடுக்கி வைத்த கணினிகளில் அச்சேவைகள் இரவு பகல் ஓயாமல் ஓடுகின்றன. ஒரே நொடியில் ஆயிரக்கணக்கானோர் கேட்கும் கேள்விகளுக்கு அவை விடை தர வேண்டும். நடுவில் எந்தக் கம்பி அறுந்தாலும், எந்தக் கணினி நின்றாலும் கணக்குப் பிசகக் கூடாது.

இத்தகைய சேவையை எழுதுவதில் பல நெறிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, கணிதத்தின் சார்பு என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததுதான். எண்ணைக் கொடுத்தால் அதன் வர்க்கத்தைத் தருவது ஒரு சார்பு. மூன்றைக் கொடுத்தால் ஒன்பது. இன்றும் ஒன்பது, நாளையும் ஒன்பது. நூறு முறை கேட்டாலும் யாருக்கும் ஒரு காசு நட்டமில்லை. இதனைத் தூய சார்பு என்பர்.

இதற்கு மாறானது, 'தம்பிக்கு 18,000 ரூபாய் அனுப்பு' என்னும் கட்டளை. இதனை ஒரு முறை செய்தால் ஒரு விளைவு. இரண்டு முறை செய்தால் வேறு விளைவு. உலகில் ஏதோ ஒன்று மாறிவிடுகிறது. ஃபங்ஷனல் முறையின் உயிர்நாடி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. இரண்டு முறை செய்தாலும் தீங்கில்லாதவற்றையும், இரண்டாம் முறை செய்யலாகாதவற்றையும் ஒன்றாகக் கலந்து எழுதாதே என்று அது கட்டளையிடுகிறது.

இக்கருத்து புதியதன்று. 1930களில் அலோன்ஸோ சர்ச் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், சார்புகளைக் கொண்டே எல்லாக் கணிப்பையும் விளக்கவல்ல லாம்ப்டா கால்குலஸை வகுத்தார். 1958இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். 1970களில் எடின்பரோவில் ராபின் மில்னரும் அவர் குழுவினரும் எம்எல் என்னும் மொழியை உருவாக்கினர். நெடுங்காலம் இவையெல்லாம் பெரும்பாலும் பல்கலைக்கழகச் சுவர்களுக்குள்ளேயே போற்றப்பட்டன. வணிக உலகம் வேறு வழியில் சென்றது.

இரண்டு உலகங்களையும் இணைக்க முயன்றவர்களுள் ஒருவர் மார்ட்டின் ஓடர்ஸ்கி. பாஸ்கல் மொழியைத் தந்த நிக்லாஸ் விர்த்தின் மாணவர் அவர். ஜாவா மொழிக்கு ஜெனரிக்ஸ் என்னும் வசதி அமைந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 2001இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ஸ்காலாவை வடிவமைக்கத் தொடங்கினார். வளர வல்ல மொழி என்னும் பொருள்பட இட்ட பெயர் அது. இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குப் படிக்கட்டு என்றும் பொருள். ஜாவா ஓடும் அதே பொறியில் ஸ்காலாவும் ஓடுவதால், நிறுவனங்கள் தம் பழைய நிரல்களைக் கைவிடாமலே இதனை ஏற்க முடிந்தது. 2009ஆம் ஆண்டளவில் ட்விட்டர் தன் பின்னணிச் சேவைகள் சிலவற்றை ஸ்காலாவுக்கு மாற்றியது. லிங்க்டின் நிறுவனத்தில் பிறந்து 2011இல் பொதுவுடைமையாக்கப்பட்ட காஃப்காவும், பெர்க்லியில் பிறந்த ஸ்பார்க்கும் இம்மொழியைக் கொண்டு எழுந்தவையே. மூன்றாம் பதிப்பாகிய ஸ்காலா 3, 2021இல் வெளிவந்தது.

அழிக்காத கணக்கு

இனி இம்முறையின் நுணுக்கங்களைக் காண்போம். முதலாவது, எழுதியதை அழியாமை.

நல்ல கணக்கப்பிள்ளை பேரேட்டில் எழுதிய தொகையைச் சுரண்டித் திருத்துவதில்லை. பிழை நேர்ந்தால் கீழே மற்றொரு பதிவைப் போட்டு நேர் செய்வார். ஸ்காலாவிலும் ஒரு மதிப்பைப் படைத்த பின் அதனை மாற்றாமல், மாற்றம் கொண்ட புதிய படியை எடுப்பதே மரபு. இதனால் என்ன பயன் எனின், ஒரே கணக்கை ஒரே நொடியில் பல இழைகள் படிக்கும் சேவைகளில் அது விளங்கும். ஒருவர் படித்துக்கொண்டிருக்கையில் மற்றொருவர் அதே தாளில் திருத்தினால், படிப்பவர் பாதிப் பழைய கணக்கையும் பாதிப் புதிய கணக்கையும் காண்பார். தாள் மாறாது என்னும் உறுதி இருந்தால் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

ஒவ்வொரு முறையும் முழுப் படி எடுப்பது வீண் செலவல்லவா என்று ஐயம் எழலாம். ஸ்காலாவின் பட்டியல்கள் மாறாத பகுதியைப் பழைய படியோடு பகிர்ந்துகொள்ளுமாறு அமைந்தவை. எனவே செலவு நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை.

இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்

இரண்டாவது நுணுக்கம், இல்லாமையை மறைக்காமை. ஒருவருடைய வங்கிக் கணக்கைத் தேடுகிறோம், கிடைக்கவில்லை. பல மொழிகளில் இதற்கு நல் என்னும் வெறுமை விடையாக வரும். அதனைக் கணக்கென்றே நம்பி மேலே சென்றால் நிரல் இடையில் முறிந்து விழும். 1965இல் அல்கால் டபிள்யூ என்னும் மொழியில் இந்த வெறுமையைப் புகுத்தியவர் டோனி ஹோர். கொழும்பில் பிறந்த ஆங்கிலேய அறிஞர் அவர். 2009இல் ஒரு சொற்பொழிவில் அதனைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று அவரே வருந்திக் கூறினார்.

ஸ்காலாவில் இதற்கு ஆப்ஷன் என்னும் உறை உண்டு. விடை உறைக்குள் வரும். உள்ளே பொருள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லையென்றால் என்ன செய்வது என்பதைச் சிந்தியாமல் பொருளைப் பயன்படுத்த வகைமுறை இடந்தராது.

இதன் உடன்பிறப்பு ஈதர் என்பது. ஒரு பக்கம் வெற்றி, மறுபக்கம் தோல்விக்கான காரணம். 'இருப்புப் போதாது', 'கணக்கு முடக்கப்பட்டுள்ளது', 'விடை உரிய நேரத்தில் வரவில்லை' என்று காரணங்களை முன்கூட்டியே வரையறுத்துப் பூட்டி வைக்கலாம். இவற்றுள் ஒன்றுக்கு வழி சொல்ல நிரலர் மறந்தால், நிரலைத் தொகுக்கும்பொழுதே கம்பைலர் எச்சரிக்கும். எச்சரிக்கையைப் பிழையாகவே கொள்ளுமாறு அமைத்துவிட்டால் நிரல் வெளியே போகாது. நள்ளிரவில் வாடிக்கையாளர் கண்டு அலற வேண்டிய பிழையை, நண்பகலில் நிரலரே கண்டு திருத்துகிறார்.

இன்னொன்றும் உண்டு. அலுவலகங்களில் விண்ணப்பம் கொடுத்துப் பழகியவர்கள் நாம். முதல் நாள், முகவரிச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்புவார்கள். கொண்டுபோனால், புகைப்படத்தின் அளவு சரியில்லை என்பார்கள். மூன்றாம் நாள் கையெழுத்து. எல்லாக் குறையையும் முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு நாள் சம்பளம் மிஞ்சியிருக்குமே! ஈதர் முதற்குறையிலேயே நின்றுவிடும் இயல்புடையது. ஆகவே ஸ்காலாவின் கேட்ஸ் என்னும் நூலகத்தில் வாலிடேட்டட் என்ற மற்றொரு வகை உண்டு. அது குறைகளை ஒன்றுவிடாமல் திரட்டி ஒரே முறையில் தரும். எந்த இடத்தில் நிற்பது, எந்த இடத்தில் திரட்டுவது என்று தேர்வது நிரலரின் பண்பைக் காட்டும் என்பது நம் கருத்து.

நிரப்பிய படிவமும் அனுப்பிய பணமும்

மூன்றாவதே தலையாயது. அதனை விளக்க நம் இளைய நண்பர் தடுமாறினார். "எங்கள் முறையில் 'பணம் அனுப்பு' என்று எழுதினால் பணம் போகாது, மாமா. அனுப்புவது எப்படி என்னும் விவரம் மட்டுமே உண்டாகும்" என்றார். நமக்குச் சட்டென்று தந்தையாரின் மணியார்டர் படிவம் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர் அந்தப் படிவத்தை நிரப்புவார். பெயர், ஊர், தொகை, அடியில் நாலு வரி நலம் விசாரிப்பு. எழுதியதனால் பணம் போய்விடவில்லை. அம்மா படித்துப் பார்த்துத் தொகையைத் திருத்தச் சொல்லலாம். கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். மேசை மேல் பத்துப் படிவங்கள் கிடந்தாலும் ஒரு காசு கூடப் பெட்டியை விட்டு அகலாது. திங்கட்கிழமை தபாலாபீஸ் சாளரத்தில் கொடுக்கும் அந்த ஒரு கணத்தில்தான் செயல் நிகழ்கிறது.

"அதேதான்!" என்றார் அவர். கேட்ஸ் எஃபெக்ட், ஜியோ ஆகிய நூலகங்களில் இத்தகைய படிவத்துக்கு ஓர் வகை உண்டு. முன்னதில் அதன் பெயர் ஐஓ. சேவை முழுவதிலும் படிவங்களை எழுதுகிறார்கள், இணைக்கிறார்கள், 'ஐந்து நொடிக்குள் விடை வராவிட்டால் கைவிடுக' என்று குறிப்புச் சேர்க்கிறார்கள். இறுதியில் நிரலின் வாயிலில் ஒரே இடத்தில் அவை நிறைவேற்றப்படுகின்றன. வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்னும் கணக்குகள் எல்லாம் தூய சார்புகளாக உள்ளே நிற்கும். உலகைத் தொடும் செயல்கள் விளிம்பில் நிற்கும். அவை இன்னவை என்று வகையின் பெயரிலேயே எழுதியிருக்கும். உள்ளே இருப்பவற்றைச் சோதிப்பது எளிது. மெய்யான வங்கியும் மெய்யான பணமும் தேவையில்லை.

ஸ்காலாவிலேயே உள்ள ஃப்யூச்சர் என்பது வேறு வகை. அதனை உண்டாக்கிய கணமே பொதுவாக வேலை தொடங்கிவிடுகிறது. அது சாளரத்தில் கொடுத்துவிட்ட படிவம். முடிவு என்னவென்று காத்திருக்கலாமேயன்றி, திரும்ப வாங்கித் திருத்த இயலாது. ஃப்யூச்சரைக் கொண்டும் அரிய பணிகளைச் செய்தவர்கள் உண்டு. ட்விட்டரில் பணியாற்றிய மாரியஸ் எரிக்சன், வேண்டுகோளை வாங்கி ஃப்யூச்சரில் விடை தரும் ஒரு சார்பாகவே சர்வரைக் கருதலாம் என்று 2013இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். ஆயினும் படிவத்தையும் புறப்பட்டுவிட்ட பணத்தையும் ஒன்றென்று எண்ணிக் குழம்பும் புதியவர்கள் இன்றும் பலர்.

மொழியால் ஆகாதது

இங்கேதான் நம் 36,000 ரூபாய்க்கு விடை இருக்கிறது. படிவம் கையில் இருப்பதால், 'விடை வராவிட்டால் மூன்று முறை முயல்க' என்று சேர்ப்பது ஒரே வரி வேலை. அத்தனை எளிது, அத்தனை அபாயமும் கூட. விடை வரவில்லை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. கேள்வியே போய்ச் சேராமல் இருக்கலாம். அல்லது பணம் போன பின் 'போயிற்று' என்னும் விடை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அனுப்பியவரால் இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிய முடியாது. இரண்டாவது நிலையில் மீண்டும் முயன்றால் பணம் இரட்டிப்பாகப் பிடிக்கப்படும். இதனைக் கம்பைலர் அறியாது. எந்த மொழியின் கம்பைலரும் அறியாது.

மருந்தும் தபாலாபீஸிலேயே இருந்தது. மணியார்டர் ரசீதில் ஓர் எண் இருக்கும். பணம் போய்ச் சேரவில்லையென்றால் அந்த எண்ணைச் சொல்லித்தான் விசாரிப்போம், மறுபடி பணம் கட்டமாட்டோம். அது போல ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் முதல் முயற்சிக்கு முன்பே தனி எண் ஒன்றை இட வேண்டும். எத்தனை முறை முயன்றாலும் அதே எண்ணையே அனுப்ப வேண்டும். சேவை, பணத்தைக் கழிக்கும் அதே பதிவோடு அந்த எண்ணையும் தரவுத்தளத்தில் எழுதி வைக்கும். அதே எண் மீண்டும் வந்தால் பணத்தைத் தொடாமல், முன்பு எழுதிய விடையையே திருப்பித் தரும். இவ்வாறு அமைத்துவிட்டால், இரண்டாம் முறை செய்யலாகாத செயலும் எத்தனை முறை கேட்டாலும் தீங்கில்லாததாகிவிடுகிறது.

இம்முறைக்கு வேறு குறைகளும் உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. மோனாட் போன்ற சொற்கள் புதியவரை மிரட்டுகின்றன. கம்பைலர் நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. பழைய பதிப்பிலிருந்து ஸ்காலா 3க்கு மாறுவது பல குழுக்களுக்கு எளிதாக இல்லை. புலமையைக் காட்ட விரும்பும் ஒருவர், பின்னால் வருபவர் படிக்கவே இயலாதபடி நிரலைச் சிக்கலாக்கி வைத்துவிட்டுப் போவதும் உண்டு. நள்ளிரவில் எழுப்பப்படுபவர் அதனை எழுதியவராக இருப்பதில்லை. ஆகவே இத்துறையில் நுழையும் இளைஞர்கள் மாறாமை, ஆப்ஷன், ஈதர் ஆகிய எளிய நெறிகளிலிருந்து தொடங்கி, தேவை எழுந்த பின்னரே மேற்படிகளில் ஏறுவது நலம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பணம் அனுப்புகையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தால் உடனே மறுமுறை தொடாதீர்கள். கணக்கு இருப்பைப் பாருங்கள். பரிமாற்ற எண் வந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் உள்ளவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அடுக்களையில் எண் இடப்பட்டிருக்கிறதா என்பது பந்தியில் இருக்கும் நமக்குத் தெரியாது.

விடைபெறும்பொழுது நம் இளைய நண்பரைக் கேட்டோம்: "தம்பி, உன் சேவை எங்களிடம் இரண்டு முறை பணம் பிடிக்காதல்லவா?"

"எண் இருக்கும் வரை பிடிக்காது, மாமா. எண்ணை மறவாமல் இடுவது எங்கள் பொறுப்பு. ஒரு முறை மறந்தோம். அன்றைக்குத்தான் இரவு இரண்டு மணிக்கு எழுப்பினார்கள்."

அருகில் நின்ற அவர் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு கைப்பேசி ஒலித்தபொழுது அவர் சலித்துக்கொள்ளாமல் எழுந்து மகனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்ததாகப் பின்னர் நண்பர் கூறக் கேட்டு மகிழ்ந்தோம். யாரோ ஒருவருடைய வாடகைப் பணம் அந்த நேரத்தில் வழியில் நிற்கிறது என்பது இப்பொழுது அவருக்கும் தெரியும்.